கடன் நோட்டும் மாத்திரை அட்டையும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைத்தான் பேசின: வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய், ஆள் பிழைத்துவிட்டார், கடன் நிற்கிறது. அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த நான்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். போன வருடம் என் கணவருக்கு மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், அவருக்கு 46 வயது. அதிலிருந்து நாங்கள் எழுந்து உட்காருவதற்குள் எட்டாவது மாதம் மாமியாருக்குப் பக்கவாதம், 11 நாள் ஐசியு. குடும்பக் காப்பீடு இருந்தது, ஆனால் அந்த வருடத்து வரம்பு கணவருக்கே முடிந்துவிட்டது. இப்போது கிரெடிட் கார்டு, வங்கியில் தனிநபர் கடன், நகை அடகு, தெரிந்தவரிடம் மாதம் 3 வட்டிக்கு வாங்கியது, என் தம்பி கொடுத்த கைமாற்று, மாமியாரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் பாக்கி என ஆறு இடத்தில் நிற்கிறது. கூட்டினால் எங்கள் இருவர் சம்பளத்தில் 19 மாதம். யார் போன் பண்ணிச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு அந்த மாதம் கொடுக்கிறேன். கணவரிடம் பாதியைச் சொல்லவே இல்லை, அவர் நெஞ்சு தாங்காதோ என்று பயம். நான் எங்கே தப்புப் பண்ணினேன்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. நீங்கள் தப்புப் பண்ணவில்லை. எட்டு மாத இடைவெளியில் இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வட்டி எவ்வளவு என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட யாராலும் முடியாது. ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குக் கைக்காசு போட்டாலே அதைப் பேரிடர்ச் செலவு என்றுதான் கணக்கில் வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019-ல் அந்த எல்லையைத் தாண்டியவர்கள் மட்டும் 100 கோடிப் பேருக்கு மேல். இதைப் படித்து உங்கள் கடன் குறையப்போவதில்லை, தெரியும். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு, நமக்கு மட்டும் ஏன் இப்படி, நாம்தான் திட்டம் போடாமல் இருந்துவிட்டோமோ என்று உங்களையே தின்றுகொண்டிருப்பீர்களே, அதை நிறுத்தவாவது இது உதவட்டும்.

சரி, இப்போது கடன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது 19 மாதச் சம்பளம் என்ற கணக்கு கிடையாது. சத்தம் போடுபவருக்குக் கொடுக்கிறேன் என்ற வரிதான். சத்தத்துக்கும் வட்டிக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் போன் பண்ணுகிறவர் ஒரு பைசா வட்டி கேட்காத ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவாக இருக்கலாம். மாதம் ஒருமுறை மட்டும் வந்து, அம்மா எப்படி இருக்காங்க என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போகிறவர் மூன்று வட்டிக்காரராக இருக்கலாம். அந்த 3 வட்டியைத் தராமல் அசலோடு சேரவிட்டால் 24 மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. மாதாமாதம் வட்டியை மட்டும் சரியாகக் கொடுத்துவந்தாலும் வருடத்துக்கு நூற்றுக்கு 36 போகிறது, அசல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கிரெடிட் கார்டும் அதே ஜாதிதான், முகம்தான் வேறு. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பார்களே, அதைக் கட்டிவிட்டால் போன் வராது, நாமும் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலுவை 100, மாத வட்டி 3, குறைந்தபட்சமாகக் கட்டுவது அந்தந்த மாத நிலுவையில் நூற்றுக்கு 5 என்றால் அந்த ஐந்தில் மூன்று வட்டிக்கே போய்விடும். ஒரு வருடம் இப்படியே கட்டினால் கிட்டத்தட்ட 54 கொடுத்திருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது 22 கூட இருக்காது. அதனால் முதலில் அந்தக் கார்டைப் புதுச் செலவுக்குத் தொடாதீர்கள், அப்புறம் மாதம் கொஞ்சம் மிச்சம் வருவது எல்லாம் இந்த இரண்டில் வட்டி அதிகமுள்ளதற்கு முதலில் போகட்டும். மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்ட தவணை மட்டும் போதும், அதைத் தவறவிடாதீர்கள், அபராத வட்டி வரும்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன், மன்னியுங்கள். அடகில் இருக்கும் நகையை எப்படியாவது மீட்க வேண்டும் என்று வட்டி கட்டிக்கொண்டே இருப்போம், ஏனென்றால் அது கல்யாணத்தில் போட்டது, அம்மா கொடுத்தது. நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் அடகுக் கடனைவிட நகையின் மதிப்பு அதிகம் என்றால், அதில் ஒரு பகுதியை விற்று அடகை முடித்து, மிஞ்சியதை மூன்று வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி. ஏலத்துக்குப் போனால் உங்கள் கையில் நிற்பது குறைந்துபோகலாம். அடகுச் சீட்டில் கெடு தேதி இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வட்டிக்காரருக்குக் கொடுக்கும்போது எவ்வளவு அசலில் வரவு, எவ்வளவு வட்டி என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொகை எழுதாத புரோநோட்டிலோ வெற்றுத் தாளிலோ இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பாக்கிக்கு வருகிறேன். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், ஒவ்வொரு இனமாகப் பிரித்த பில் கேளுங்கள். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் நாளாக ஒத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, அவரை வார்டுக்கு மாற்றிய தேதிக்கு அடுத்த இரண்டு நாளுக்கும் ஐசியு கட்டணமும் மானிட்டர் கட்டணமும் போட்டிருந்தார்கள், பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்த ஊசி மருந்தும் கழிக்கப்படவில்லை. நான் சண்டை போடவில்லை, இரண்டு தாளையும் மேசையில் வைத்து விரலால் காட்டினேன், அவ்வளவுதான், எடுத்துவிட்டார்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் கட்டியிருப்போம். இன்னொன்று, வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்பான தாள் பில்கள் சில மாதத்தில் வெளுத்துப்போகும், எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், நோயாளிக் குடும்பங்களின் பணக் கஷ்டத்தைக் கேட்பதும் அவர் வேலைதான். பில் கவுண்டரில் நின்று கெஞ்சுவதைவிட அவரைப் போய்ப் பார்ப்பது மேல். மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டா, தவணையாகக் கட்டினால் வட்டி இல்லாமல் எத்தனை மாதம் தருவீர்கள் என்று கேளுங்கள், ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று மட்டும் பண்ணாதீர்கள்: அவர்கள் போன் தொல்லை தாங்காமல் அந்தப் பாக்கியைக் கார்டில் தேய்த்து முடித்துவிடாதீர்கள். வட்டி இல்லாத கடன் அந்த ஒரு நிமிடத்தில் வட்டிக் கடனாகிவிடும்.

இதெல்லாம் செய்ய ஒரு நோட்டு வேண்டும். போனில் இருக்கும் செயலி வேண்டாம், வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு கடனுக்கு ஒரு பக்கம். மேலே யாரிடம், எந்தத் தேதி, அசல், வட்டி, ஈடாக என்ன வைத்தோம், ஜாமீன் யார். கீழே கொடுக்கக் கொடுக்க வரவு. தம்பி பக்கத்தையும் போடுங்கள், அவர் கேட்கவில்லை என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள்.

அந்த நோட்டை உங்கள் கணவர் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் தயங்குவீர்கள், நானும் ஒருகாலத்தில் தயங்கினேன். அப்பாவிடம் கடனைச் சொல்லவே இல்லை. மாடிப்படியில் நின்று மெதுவாகப் போன் பேசுவேன், அவருக்குக் கேட்காது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து அவருடைய கட்டில் பக்கத்து மேசை டிராயரைச் சுத்தம் பண்ணும்போது மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ரத்த அழுத்த மாத்திரை, அந்தத் தேதிக்கு இரண்டு அட்டை காலியாகியிருக்க வேண்டும். ஒன்றுதான் காலி. இன்னொன்றில் பத்தும் அப்படியே, ஓரத்தில் பேனாவால் ஒன்றுவிட்டு ஒரு நாளுக்குத் தேதி எழுதியிருந்தார். நான் படியில் பேசியது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. மகளிடம் கேட்டால் இல்லை என்பாள் என்று தெரிந்து, தன்னால் முடிந்த ஒரே வழியில் செலவைக் குறைத்திருக்கிறார். மறு மாதமே அழுத்தம் ஏறி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மிச்சம் பிடித்த மாத்திரைக் காசையும் அந்த ஆறு நாள் பில்லையும் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். ஆகவே இன்றைக்கு அவருடைய அட்டையை எண்ணுங்கள். சந்தேகப்படுகிற மாதிரி வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி எண்ணுங்கள். அடுத்த பரிசோதனையின்போது டாக்டரிடம் கடன் விஷயத்தை இவரிடம் பேசலாமா என்று கேட்டுவிட்டு, ஒரு காலை வேளையில், ராத்திரியில் வேண்டவே வேண்டாம், நோட்டைத் திறந்து வைத்து உட்காருங்கள். தொகையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எதை முதலில் அடைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வட்டிக்காரரிடம் பேசுவதோ, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவதோ, ஏதாவது ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டு படுத்திருப்பதுதான் அந்த நெஞ்சுக்குக் கஷ்டம்.

மருந்துச் செலவைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. மாமியார், கணவர் இரண்டு பேர் மருந்துச் சீட்டையும் டாக்டரிடம் கொண்டுபோய், எது கட்டாயம், எது எத்தனை நாள் வரைக்கும் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதிய வயிற்றுப் புண் மாத்திரையும் சத்து மாத்திரையும் பல வீடுகளில் யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு டாக்டர் பார்த்தால் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் சீட்டில் இருப்பதும் நடக்கிறது. அப்புறம் ஜெனரிக். கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரில் விற்பது, அதே மருந்து, அதே அளவு, விலை குறைவு. பெரும்பாலான ரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகளுக்கு இது கிடைக்கும். வலிப்பு மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் போடும் மாத்திரை போன்றவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்துவிட்டது. கடன் கழுத்தை நெரிக்கிறது. நான் கல்லூரி மூன்றாம் வருடம், ஒரு வருடம்தான் பாக்கி. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: நிறுத்தாதே தம்பி. முடித்துவிட்டுப் போகும் வேலையின் சம்பளத்தையும், இப்போது பாதியில் போனால் கிடைக்கும் சம்பளத்தையும் எழுதி வைத்து, அந்த வித்தியாசம் எத்தனை வருடம் தொடரும் என்று பார். அந்த ஒரு வருடத்தில் நீ கொண்டுவரப்போகும் பணம் உங்கள் கடனில் எத்தனை பங்கு என்பதையும் பார். கல்லூரியில் கட்டணத்தைத் தள்ளிவைக்க முடியுமா, உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா என்று முதல்வரிடம் நேராகப் போய்ச் சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது யாருடைய குற்றமும் இல்லை. உன்னால் வேறொரு பெரிய உதவி பண்ண முடியும். வீட்டில் பில், காப்பீட்டுத் தாள், மருந்துச் சீட்டு எல்லாம் எங்கெங்கோ கிடக்கும், அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வை. காப்பீட்டில் எதையாவது நிராகரித்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு என்று பார்த்து நீயே கடிதம் எழுது. களைத்துப்போன அப்பாவால் அது முடியாது, உன்னால் முடியும்.

கேள்வி: மைத்துனரின் சிறுநீரகச் சிகிச்சைக்குக் கேட்ட உடனே கொடுத்தேன். மூன்று வருடமாகிறது. இப்போது எனக்கே அவசரம். கேட்டால் அக்கா மனசு கஷ்டப்படும். கேட்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் மொத்தத்தையும் கேட்காதீர்கள். எனக்கு இவ்வளவு இந்தத் தேதிக்குள் தேவை, உங்களால் எவ்வளவு முடியும் என்று அக்காவையும் மைத்துனரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேளுங்கள், அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லி அவர் தலையில் ஏற்றாதீர்கள். திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் நினைத்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியவர் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் விசேஷங்களுக்கு வராமல் இருப்பார், நீங்கள் அவர் திமிராக இருக்கிறார் என்று நினைப்பீர்கள், இப்படிப் பிரிந்துபோன அக்கா தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு முறை இருதயத்துக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது. மகனும் மருமகளும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மருமகள் கையில் வளையல் இல்லை. பேரன் டியூஷனுக்குப் போவதில்லை. என்னால்தானே. இன்னும் எத்தனை நாள் இவர்களுக்குப் பாரமாக இருப்பேன்? இப்போது மாத்திரையைக்கூடப் பாதிதான் போடுகிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். மேலே என் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

வளையல் போனதற்காக உங்கள் மருமகள் அழுதிருக்கலாம். அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பாதி மாத்திரை போடுவது தெரிந்தால், வளையலைக் கொடுத்து எதை வாங்கினாளோ அதுவே கையை விட்டுப் போகிறதே என்று அவள் துடித்துப்போவாள். உங்களைக் கேட்டுக்கொண்டு யாரும் கடன் வாங்கவில்லை, வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் உங்கள் மகன் கேட்டிருக்க மாட்டான். அவன் இடத்தில் நீங்களும் நிற்காமல் ஓடியிருப்பீர்கள்.

பாரம் என்ற அந்த நினைப்பு ராத்திரியில் அதிகமாகிறதா, தூக்கமே இல்லையா, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மகனிடம் இன்றே அதை அப்படியே சொல்லுங்கள், உடனே டாக்டரைப் பாருங்கள். இருதய நோய் வந்தவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது நிறைய நடக்கிற விஷயம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. பாதி மாத்திரை விஷயத்தையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், விலை தாங்க முடியவில்லை என்று சொன்னால் விலை குறைந்த மாற்று எழுதித் தர அவரால் முடியும். நீங்கள் சொல்லாவிட்டால், முழு அளவு போட்டும் கேட்கவில்லையே என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

மருமகளைக் கூப்பிட்டு, கடன் கணக்கு நோட்டு இருந்தால் கொண்டுவா, எனக்கும் வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். பேரன் டியூஷன் நின்றுவிட்டது என்றீர்களே, சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து உங்களுக்குத் தெரிந்த பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள், தெரியாததை அவனையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குச் சீட்டில் எழுதியிருக்கும் முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுங்கள் அம்மா.